மழைக்கு முன் ஒரு வண்டி

செப்டம்பர் 7, ஞாயிறு

இது வேலை டைரி. வண்டி எண், மோதிய இடம், மோதிய பக்கம், பழுது, என் கருத்து. இன்சூரன்ஸ் சர்வேயராக வேலைக்கு வந்த நாள் முதல் இதற்கு மேல் எதுவும் இதில் எழுதியதில்லை. இன்று பார்த்தது சொந்தத்துக்கு வாங்க நினைக்கும் வண்டி. பார்த்த விதம் வேலைதான் என்பதால் இதிலேயே எழுதுகிறேன்.

சத்தியமங்கலம், ரங்கராசுவின் கார் கன்சல்டிங், பழைய வண்டி விற்கும் கடை. வெள்ளை ஜீப், டீசல், ஃபோர் வீல். போய் நின்றதும் பானெட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

"வெடியால ஒரு நடை ஓட்டிப் பாத்தனுங்க மேடம்," என்றார் ரங்கராசு. "உங்களுக்குக் காட்றதுக்கு முன்னால நாம பாக்கோணுமல்லங்க."

"ஆறட்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்."

"ஆறறதுக்கு மத்தியானம் ஆயிருமுங்க."

"இருக்கேன்."

ரங்கராசு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணா, ஊட்டுக்காரம்மா என்ன வேலைன்னு போன்லயே சொல்லியிருக்கலாமுங்க. நானும் டீசலை மிச்சம் பண்ணியிருப்பேன்."

ஆறிய பிறகு எஞ்சின் பலமுறை இழுத்துத்தான் பிடித்தது. வெள்ளைப் புகை. அடியில் படுத்துப் பார்த்தேன். அடிச்சட்டமான சேஸிஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியதும் முன் இடது பக்கம் வெட்டி ஒட்டிய வெல்டிங் தெரிந்தது. எங்கோ பலமாக மோதிய வண்டி.

டீ வந்தது. தொடவில்லை. பெண் பார்க்கப் போகும் வீட்டில் சம்மதம் என்று ஆகும்வரை கை நனைக்க மாட்டார்கள் அல்லவா, எங்கள் பக்கத்து அந்த வழக்கத்தை நான் வேலைக்கு வந்த புதிதில் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் வைத்துக்கொண்டேன். ஒருவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவர் வண்டியைக் குறை சொல்ல எனக்கு வராது.

வீட்டுக்கு வரும் வழியில் வீட்டுக்காரர் கேட்டார்.

"தேறாதா?"

"தேறாதுங்க."

"செரி."

விஷயம் இதுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டி அமைந்தால் கடம்பூர் மலைக்குப் போய்விடுவது என்று இவர் சொல்லியிருக்கிறார். அங்கே எங்களுக்கு நான்கு ஏக்கரும் ஒரு ஓட்டு வீடும் இருக்கின்றன. தார் ரோடு முடிந்த பிறகு மண் தடம், நடுவில் ஒரு பள்ளம். மழை பிடித்துப் பள்ளத்தில் தண்ணீர் வந்துவிட்டால் ஃபோர் வீல் தவிர எந்த வண்டியும் தாண்டாது. பாங்கு வேலையைப் போன வருடக் கடைசியில் விட்டுவிட்டார். மலைக்குப் போவதென்றால் விடுமுறைக்குப் போவதல்ல, கோபியில் இருக்கும் இந்த வீட்டை விட்டே போவது.

கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்துச் சரி என்று சொல்லாத வண்டி எதையும் இவர் வாங்கியதில்லை. சைக்கிள் உட்பட.

நான் சரி என்று சொல்லும்வரை இவர் இந்த வீட்டில் இருப்பார்.

செப்டம்பர் 12, வெள்ளி

பெருந்துறை. டிப்பர் லாரி, பின்பக்கம். ஓட்டுநர் பிரேக் பிடிக்கவில்லை என்கிறார். பிரேக் சரியாக இருக்கிறது. தூங்கியிருக்கிறார்.

மாடி அறையில் பெட்ஷீட் மாற்றினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மறுபடி ரங்கராசு. நீல வண்டி. இவருக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கதவைத் திறந்ததும் சென்ட் வாசனை. சென்ட் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். யாரும் அவ்வளவு தூரம் இழுக்க மாட்டார்கள். அதனால் அங்கே யாரும் கழுவவும் மாட்டார்கள். பெல்ட்டின் குறுக்கே செம்மண் நிறத்தில் ஒரு கோடு. சீட்டுக்கு அடியில் போல்ட்டெல்லாம் துரு. ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் விரலை விட்டேன், நைசான வண்டல் வந்தது. வெள்ளத்தில் கழுத்துவரை மூழ்கிய வண்டி.

விரலை ரங்கராசுவிடம் காட்டினேன்.

"மேடம், நீங்க மாப்பிள்ளை பாக்கற மாதிரி வண்டி பாக்கறீங்க," என்றார். "பல்லைத் தொறந்து பாத்து, சட்டையக் கழட்டிப் பாத்து... நாளைக்கு உங்க பொண்ணுக்கு வரன் பாக்கறப்ப எந்தப் பையன் தேறுவானோ போங்க!"

இவர் வண்டியிலிருந்து இறங்கினார். ரோட்டைத் தாண்டிப் போய் உரக்கடை போர்டைப் படித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்தது எப்ப வரும்?" என்று ரங்கராசுவைக் கேட்டேன்.

நடந்தது அவருக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து வந்து கடை போட்டவர். எங்களுக்கு ஒரே மகள். போன கார்த்திகையில் காலேஜ் ஹாஸ்டலில் டெங்குக் காய்ச்சல் வந்தது. விவசாயம் படித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது இவர் பேச ஆரம்பித்தார்.

"மேல் ரூமைப் பூட்டிரலாம் கோதை."

"பூட்டினா பூஞ்சை புடிச்சுக்கும்."

"வாரா வாரம் பெட்ஷீட்டு மாத்தற. அங்க ஆரு படுக்கறாங்க?"

"தூசி அடையுதுங்க."

"எனக்குப் படியில ஏறி எறங்கற சத்தம் கேக்குது. பகல்லயே கேக்குது. இந்த ஊட்டுல இருந்தா எனக்கு என்னமோ ஆயிரும்."

ரசம் ஊற்றினேன்.

இவருக்கு இந்த வீடு ஆகவில்லை. எனக்கு வேறு வீடு ஆகாது. இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

அந்தியூர். ஒரு கரும்பு விவசாயியின் ஜீப். பெயிண்ட் பழையது, ஒளிவுமறைவு இல்லை, எஞ்சின் குளிர்ந்திருந்தது, முதல் இழுப்பில் பிடித்தது. கொஞ்சம் பயமாக இருந்தது.

ஃபோர் வீல் லீவரைப் போட்டு வயல் ஓரத்து ஈர மண்ணில் ஏற்றினேன். பின் சக்கரம் மட்டும் சுற்றியது. இறங்கி அடியில் குனிந்தேன். முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டே இல்லை.

"கழட்டி வெச்சிட்டமுங்க," என்றார் விவசாயி. "டீசல் மிச்சமாகுதுங்க."

"இது ஃபோர் வீல்னுதான சொன்னீங்க?"

"வீலு நாலு இருக்குதுங்களே."

"ஷாஃப்ட் எங்கீங்க?"

"மாட்டுக் கொட்டாயில மேல் விட்டத்துக்கு முட்டுக் குடுத்திருக்குதுங்க. வேணுமின்னா உருவித் தர்றன். ஆனா கொட்டாய் எறங்கீருச்சுன்னா மாடு ரெண்டையும் நீங்கதான் ஓட்டிட்டுப் போகோணும்."

இவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். விவசாயியும் சேர்ந்துகொண்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் சிரித்தது இன்று. தேதிக்காக எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சுத்தியல், டார்ச், அளவு டேப், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். கீழே நிற்கும் ஸ்கூட்டியையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். பேட்டரி இறங்கிவிட்டது. யாரும் எடுப்பதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

அன்னூர். சாம்பல் நிற ஃபோர் வீல். சொந்தக்காரர் ஆறுச்சாமி, எழுபது இருக்கும். கண் நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, ஓரத்துப் பார்வை இல்லை, டாக்டர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். ரங்கராசு கூட வந்திருந்தார்.

"கொறையெல்லாம் நானே சொல்லிப்போடறன் அம்மிணி," என்றார் ஆறுச்சாமி. "பின்னாடி பம்பர்ல ஒரு கீறல், அது போன மாசம் நம்ம கேட்டுல நானே ஒரசுனது. கிளட்சு இன்னும் ஒரு வருசம் வரும். ஏசி சுமாரு. வேற ஒண்ணுமில்லீங்க."

குறையைத் தானாகச் சொல்கிறவர்கள் பெரிய குறை ஒன்றை வைத்திருப்பார்கள். காலையிலிருந்து மத்தியானம்வரை பார்த்தேன். எஞ்சின் குளிர்ந்திருந்தது, சாவி திருப்பியதும் பிடித்தது. ஆயில் மூடியின் உட்புறம் சுத்தம். கதவு ரப்பர்களின் ஓரத்தில் பெயிண்ட் தெறிப்பு இல்லை. தட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே சத்தம். அடியில் கம்பெனிப் பெயிண்ட், ஆங்காங்கே அதன் வயதுக்கு உண்டான துரு. சேஸிஸைக் குறுக்காகவும் நெடுக்காகவும் டேப் வைத்து அளந்தேன். டயர் நாலும் ஒரே தேய்மானம். பக்கத்தில் உழுத காட்டில் இறக்கினேன். ஃபோர் வீல் விழுந்தது தெரியாமல் விழுந்தது. நாலு சக்கரமும் இழுத்தன.

பழுது என்ற இடத்தில் எழுத எதுவும் இல்லை. கோடு போட்டிருக்கிறேன்.

ஆறுச்சாமியின் மனைவி காப்பி கொண்டுவந்தார். நல்ல காப்பி, பில்டர் காப்பி. வெயிலில் வெகுநேரம் நின்றதில் தொண்டை காய்ந்திருந்தது. குடித்துவிட்டு டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா என்றார். போதுமுங்க என்றேன்.

பிறகு இவரைத் தனியே வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டேன்.

"முன்னால ஒரு தடவை பலமா அடி வாங்கியிருக்குதுங்க. சேஸிஸ் நேரா இல்ல. வேண்டாம்."

"நல்லாப் பாத்தயா?"

"பாத்தேன்."

இவர் என் தலைக்கு மேல் எங்கோ பார்த்தார்.

"செரி," என்றார்.

அக்டோபர் 6, திங்கள்

இட்லி மாவு புளித்துவிட்டது. கீழே கொட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

ரங்கராசு போன்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. ஆறுச்சாமியண்ணன் மனசொடிஞ்சு போயிட்டாருங்க. 'எங்கயும் இடிக்கலியேப்பா, எனக்குத் தெரியாம ஆராச்சும் இடிச்சுட்டாங்களா'ன்னு ராத்திரி பூரா கேக்கறாராம். பையனைச் சந்தேகப்படறாரு."

"பாத்ததச் சொன்னேன்."

"செரிங்க. வண்டி முடிஞ்சிருச்சுங்க. கடம்பூர்ல இருக்கற மாட்டு டாக்டரு எடுத்துக்கிட்டாரு."

ஈரோட்டில் இரண்டு கார் பார்த்தேன். இரண்டும் நேருக்கு நேர்.

அக்டோபர் 12, ஞாயிறு

இவர் காலையில் பஸ்ஸில் மலைக்குப் போனார், காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. பொழுதோடு வந்தார். பஸ் வரும் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

தட்டு வைத்தேன். இரண்டு தோசை சாப்பிட்டார்.

"சத்திவரைக்கும் மாட்டு டாக்டர் வண்டில வந்தேன்."

சட்னி வைத்தேன்.

"அந்தச் சாம்பல் வண்டி. அவர் எடுத்த ஒடனே ஈரோட்டுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பாத்திருக்காரு. நூல் புடிச்சாப்ல இருக்குதாம் சேஸு."

"இன்னொரு தோசை ஊத்தட்டுங்களா?"

"ஊத்து."

ஊற்றினேன். அதையும் சாப்பிட்டார். சட்னி நன்றாக இருக்கிறது என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை பிடித்துவிட்டது. பெட்ஷீட் காயவில்லை, மின்விசிறியில் காயவைத்தேன்.

இவர் வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. ரங்கராசு கூப்பிட்டால் எடுப்பதில்லை. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மகள் போய் வருடம் திரும்பவில்லை, எங்களுக்குப் பண்டிகை இல்லை. பக்கத்து வீட்டில் அதிரசம் கொடுத்தார்கள். கொடுக்கும்போது என் கையைப் பார்த்தே கொடுத்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. நல்லவர்கள்.

அக்டோபர் 23, வியாழன்

காலையில் இவர் இரண்டு பைகளோடு கூடத்துக்கு வந்தார்.

"வண்டி இல்லாம எப்படிப் போவீங்க?" என்றேன்.

"பஸ்ஸுல."

"பள்ளத்துல தண்ணி வந்திருக்குமுங்க."

"வடிஞ்சதும் நடந்து தாண்டிக்குவேன். எனக்கு எதுக்கு கோதை வண்டி? மாசத்துக்கு ஒருக்கா மளிகைக்கு எறங்குவேன், அவ்வளவுதான? நீ ஈரோடு, பெருந்துறைன்னு தெனமும் வேலைக்கு எறங்கி ஏறோணும். உனக்குத்தான் வண்டி பாத்தேன்."

இவருடைய செருப்பில் சேறு இருந்தது. எடுத்துத் துடைத்தேன்.

"உன்னை வான்னு கூப்பிட எனக்குத் தெரியல. நல்ல வண்டியா ஒண்ணு நின்னா நீயே ஏறுவயாட்டம்னு நெனச்சேன்."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்று டைரியில்தான் எழுத முடிகிறது. அப்போது வரவில்லை.

"அன்னூர்லயே எனக்குத் தெரியும்," என்றார். "நீ காப்பியக் குடிச்சுப்போட்டு வந்து வேண்டாமின்ன."

"அப்பறம் ஏங்க கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லுவ?"

துடைத்த செருப்பை வாசலில் வைத்தேன்.

"ரெண்டு இட்லி கட்டிக் குடு," என்றார். நாலாகக் கட்டினேன். மிளகாய்ப் பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைத்துத் தனியே வைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை. ஒன்பதரைக்கு ஒரு சர்வே இருந்தது.

அக்டோபர் 28, செவ்வாய்

பவானி. மினி வேன், வலது பக்கம்.

அக்டோபர் 31, வெள்ளி

மாடி அறையில் பெட்ஷீட் மாற்றப் போனேன். பழையதை உருவாமல் அதிலேயே படுத்துவிட்டேன். எழுந்தபோது மதியம். இரண்டு ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்திருந்தது. வேலைக்கு வந்த நாள் முதல் சொன்ன நேரத்துக்குப் போகாதது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 3, திங்கள்

மலையில் சிக்னல் இல்லை. கடம்பூர்க் கடைக்கு இறங்கி வரும்போது இவர் கூப்பிடுகிறார்.

"சாப்டயா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சு. மழை எப்படி?"

"இருக்குதுங்க. அங்க?"

"இங்கயும்."

நவம்பர் 9, ஞாயிறு. சத்தியமங்கலம், ஆஸ்பத்திரி

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை இவர் போன் வரவில்லை. அதற்குப் பதில், எங்கள் காட்டுக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் மாதம்மாள் கடம்பூருக்கு நடந்து வந்து கடைக்காரர் போனில் பேசினாள்.

"அக்கா, அண்ணனுக்கு லேசாக் காய்ச்சலுங்க. மாத்தரை போட்டுட்டாரு. சும்மா சொல்லச் சொன்னாரு. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க."

லேசான காய்ச்சல், மாத்திரை போட்டாயிற்று, பயப்படாதீர்கள். போன கார்த்திகையிலும் ஒரு போனில் இவ்வளவும் இதே வரிசையில் கேட்டிருக்கிறேன்.

"எத்தனை நாளாச்சு?" என்றேன்.

"மூணு நாளாட்ட இருக்குதுங்க. சாப்பிட மாட்டேங்கறாரு."

ஜீப் வாடகைக்குக் கேட்டேன். பள்ளத்தில் தண்ணீர், வரமாட்டோம் என்றார்கள். ரங்கராசுவைக் கூப்பிட்டேன்.

"மாட்டு டாக்டர் லீவுல திருச்சிக்குப் போயிருக்காரு மேடம். சாம்பல் வண்டியும் அவரோட போயிருச்சு."

"உங்ககிட்ட இன்னைக்கே ஓடற மாதிரி ஃபோர் வீல் எது இருக்குது?"

"ஒண்ணு இருக்குதுங்க. உங்களுக்குக் காட்ட முடியாத வண்டிங்க அது."

"காட்டுங்க."

பழுப்பு நிற ஜீப். இடது கதவு உள்ளிருந்து திறக்காது. வைப்பர் ஓட்டுபவர் பக்கம் மட்டும் வேலை செய்கிறது. கிளட்ச் முடியப் போகிறது. முன் இடது பேரிங் கத்துகிறது. ஸ்டியரிங் ஆயில் ஒழுகுகிறது. கிலோமீட்டர் முள் எப்போதோ நின்றுவிட்டது. தரையில் ஓட்டை, ரோடு தெரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் எஞ்சின் மூச்சு வாங்குகிறது. பிரேக் பிடிக்கிறது. கடைக்குப் பின்னால் இருந்த சேற்றில் ஏற்றினேன். நாலு சக்கரமும் இழுத்தன.

பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தேன். "எடுத்துக்கறேன்," என்றேன்.

ரங்கராசு என்னையே பார்த்தார். "மேடம், நீங்கதானா பேசறீங்க?"

"வீட்டுக்காரருக்கு மலையில காய்ச்சல்."

சாவியைக் கையில் வைத்தார். "மத்த நாயமெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். கெளம்புங்க. கூட ஆள் அனுப்பட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதாவது கேட்பார்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் நாற்றம் எடுத்தது. பள்ளத்துக்கு வரும்போது மழை விட்டிருந்தது, தண்ணீர் விடவில்லை. இறங்கி, குச்சியால் ஆழம் பார்த்தேன். டயரில் பாதிக்கு மேல். அடியில் சேறு இல்லை, உருட்டுக் கல். ஃபோர் வீல் லீவரை லோவுக்குத் தள்ளி, முதல் கியரில், கிளட்சைத் தொடாமல் விட்டேன். நடுவில் பின் சக்கரம் இரண்டும் வழுக்கின. தரை ஓட்டை வழியாகத் தண்ணீர் காலுக்கு வந்தது. வண்டி நின்றுவிட்டது என்று நினைத்தேன். முன் சக்கரம் பிடித்து இழுத்தது. ஏறிவிட்டது.

இவர் கயிற்றுக் கட்டிலில் இரண்டு கம்பளி போர்த்திப் படுத்திருந்தார். மாதம்மாள் பக்கத்தில் கஞ்சியோடு இருந்தாள். கை வைத்தேன். வேலையில் எத்தனையோ பானெட்டைத் தொட்டிருக்கிறேன். இப்படிக் கொதிக்கும் எதையும் தொட்டதில்லை.

இருவருமாக வண்டியில் ஏற்றினோம். இறங்கத் தொடங்கியதும் இவர் கண்ணைத் திறந்தார்.

"ஆரு வண்டி?"

"நம்முளதுங்க."

"நீ பாத்தயா?"

"பாத்தேன்."

"என்ன கொறை?"

சொன்னேன். இடது கதவில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதையும் விடவில்லை. தெரிந்த குறைகள் தீர்ந்த பிறகு, இந்த வயதுக்கு இன்னும் என்னென்ன வரும் என்றும் சொன்னேன். வளைவுக்கு வளைவு இவர் "ஊம்" கொட்டிக்கொண்டு வந்தார்.

"சாம்பல் வண்டில?" என்றார்.

"ஒரு கொறையும் இல்லீங்க."

"ஊம்."

அதன் பிறகு தூங்கிவிட்டார். நான் நிறுத்தவில்லை. சத்தி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு இன்று காலை வந்தது. டெங்கு இல்லை என்றார் நர்ஸ். மறுபடி கேட்டேன். இல்லை என்றார். சிறிது நேரம் கழித்து அவர் இருக்கும் இடத்துக்குப் போய் இன்னொரு முறை கேட்டேன். அவர் எழுந்து வந்து தாளைக் காட்டி, விரல் வைத்துப் படித்துக் காட்டினார். டைபாய்டு. ஊசி போட்டால் சரியாகும்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள கடையில் டீ குடித்தேன்.

நவம்பர் 12, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. இட்லி கேட்டார். ரங்கராசு ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். யாரோ அவரிடம் மகள் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிலருகே பழப்பையைப் பிடித்தபடியே நின்றார்.

"அன்னைக்கு வாய் தவறி..." என்று ஆரம்பித்தார்.

"உக்காருங்க," என்றேன். "கிளட்ச் பிளேட் எங்க நல்லதாக் கெடைக்கும்?"

உட்கார்ந்தார். கிளட்ச் பிளேட்டைப் பற்றி நிறையப் பேசினோம். இவர் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் போகும்போது ஆறுச்சாமியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். வராந்தாவில் நின்று கூப்பிட்டேன். உங்கள் வண்டியில் அடி எதுவும் இல்லை, நான் சொன்னது தவறு, உங்கள் மகன் எதுவும் செய்யவில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "ஊட்டுக்காரர் சவுக்கியமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு. மலை

டாக்டர் இன்னும் பத்து நாள் கீழேயே இருக்கச் சொன்னார். இவர் கேட்கவில்லை. "கொண்டாந்து உட்டுப்போட்டு நீ போயிரு," என்றார்.

கோபி வீட்டுக்குப் போய் ஜன்னல்களைச் சாத்தினேன். மாடி அறையில் மட்டும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், சாரல் அடிக்காத பக்கம். சமையல் சாமான், மாற்றுப் புடவை, வேலைப் பெட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினேன். எதற்கு இவ்வளவு என்று இவர் கேட்கவில்லை. இடது கதவை வெளியிலிருந்து திறந்துவிட்டேன். ஏறிக்கொண்டார்.

பள்ளத்தில் தண்ணீர் குறைந்திருக்கிறது.

இங்கே நட்டிருக்கும் பட்டர் ஃப்ரூட் கன்றுகளை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். சில என் தோள் உயரம் வந்துவிட்டன. இரண்டு பட்டுவிட்டன. மற்ற எல்லாவற்றுக்கும் இவர் மூங்கில் முட்டு வைத்துத் துணிக் கயிற்றால் கட்டியிருக்கிறார், தண்டு அறுபடாமல். என் மகள் சிந்துஜா நட்டவை. ஒரு வரிசை கோணலாகப் போகிறது. கயிறு பிடிக்காமல் நட்டிருக்கிறாள். அவசரக்காரி.

இவர் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறார். ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பெருந்துறையில் ஒரு லாரி பார்க்க வேண்டும். விடியும்போது இறங்கினால், பள்ளத்தில் தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிடலாம்.